உருளி வாங்க வருகிறவளுக்கு

அன்புள்ள வித்யா,

பெங்களூர் புது வீட்டுக்கு இங்கே வந்து வாங்க வேண்டிய பாத்திரம் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்டும் படங்களும் வந்தன. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதி அனுப்புகிறேன். நிதானமாகப் படித்துவிட்டு மாப்பிள்ளைக்கும் சொல்லு. என் முழங்கால் இருக்கும் இருப்பில் உங்களோடு கடைத்தெருவில் நடக்க முடியாது, அப்பாவை அனுப்பலாம் என்றால் அவர் முதல் கடையிலேயே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு காபி குடிக்கக் கிளம்பிவிடுவார். கும்பகோணம் நீ பிறந்த ஊர்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் சைக்கிளில் போனதைத் தவிர நீ இந்த ஊரில் எங்கே நடந்தாய்?

முதலில் உன் லிஸ்ட். ஹாலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட ஒரு பெரிய உருளி, வாசலில் தொங்கவிட மணி, இரண்டு குத்துவிளக்கு, டவரா டம்ளர் ஆறு செட், ஈயச் சொம்பு ஒன்று, "பழைய டைப்" தவலை ஒன்று. இதில் எத்தனை அடுப்பில் ஏறும்? பித்தளையை வாங்கி வைத்துவிட்டால் ஆயிற்றா, வாரம் ஒரு தடவை புளி போட்டுத் தேய்க்க பெங்களூரில் யார் இருக்கிறார்கள்? தேய்க்காமல் விட்டால் ஒரே மாதத்தில் கறுத்துப்போய் வீட்டுக்கே களை இல்லாமல் பண்ணிவிடும். புழங்குகிற சாமான்தான் தானாகப் பளபளப்பாக இருக்கும். அதனால் புழங்கப் போவதை மட்டும் வாங்கு, மீதியைப் படம் பிடித்துக்கொண்டு வா.

கிறிஸ்துமஸ் லீவில் வருவது நல்லதுதான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பாத்திரக் கடைக்காரர்கள் நிதானமாக உட்கார்ந்திருப்பார்கள். தையிலோ வைகாசியிலோ வந்திருந்தால் சுற்றுப்பட்டு கிராமமே சீர் வாங்க வந்து நிற்கும், ஒரு டம்ளரைக் கையில் எடுத்துப் பார்க்க இடம் இருக்காது. மார்கழியில் வரும் கூட்டம் வேறு, அய்யப்ப பக்தர்களும் நவக்கிரக வேன்களும். அவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு வேன் ஏறிவிடுவார்கள், உங்களுக்குத் தொந்தரவு இல்லை.

காரைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடு. ஆட்டோ பிடித்து ராமசாமி கோயில் வாசலில் இறங்கு, அங்கிருந்து வடக்கே நடந்து வந்தால் சக்கரபாணி கோயிலில் முடியும், காவிரிக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் மேலக்காவேரியில் நம் வீட்டுக்குத் திரும்புவதும் சுலபம். இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. ராமசாமி கோயிலைக் கட்டிய காலத்திலேயே, அதாவது ரகுநாத நாயக்கர் தஞ்சாவூரை ஆண்ட 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர் இந்தக் கோயிலுக்கும் பழைய சக்கரபாணி கோயிலுக்கும் நடுவில் ஒரு கடைவீதியையும் சேர்த்தே போட்டார். அதுதான் இன்றைக்கு நாம் சின்னக்கடை வீதி என்று சொல்வது. மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபம் கட்டியவரும் அவர்தான். சாமி கும்பிட வருகிறவன் கையில் காசு இருக்கும், திரும்பிப் போகும்போது சாமான் வாங்குவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார், அந்தக் கணக்கு இன்னும் தப்பவில்லை. 2016 மகாமகத்தில் பார்த்தோமே, குளத்தில் முங்கி எழுந்த ஈரத்தோடு வந்து வெற்றிலைப் பெட்டி விலை கேட்டவர்களை. அடுத்தது 2028-இல் வருகிறது, அந்தச் சமயத்தில் மட்டும் கடைக்கென்று வந்துவிடாதே.

ராமசாமி கோயிலுக்குள் ஒரு பத்து நிமிஷம் போய்விட்டு வாருங்கள். பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம் ஓவியமாக இருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பிடிக்கும். ராமரும் சீதையும் ஒரே ஆசனத்தில் பட்டாபிஷேகக் கோலத்தில் இருப்பார்கள், ஆஞ்சநேயர் வீணையும் சுவடியுமாக இருப்பார். பன்னிரண்டு மணிக்கு மேல் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

சின்னக்கடை வீதியில் எதுவும் வாங்க வேண்டாம், சும்மா பார்த்துக்கொண்டே நட. நாட்டு மருந்துக் கடை வந்தால் எனக்குச் சுக்கும் சித்தரத்தையும் கொஞ்சம், அவ்வளவுதான்.

பாத்திரக் கடைகளுக்கு வந்ததும்தான் நிதானம் வேண்டும். இங்கே பித்தளை, வெண்கலம் எல்லாம் எடைக்குத்தான் விலை, கிலோ இவ்வளவு என்று. நீ படத்தைக் காட்டி "இது எவ்வளவு?" என்று கேட்டால் வெளியூர்க்காரி என்று தெரிந்துவிடும். "கிலோ என்ன போடுறீங்க?" என்று கேள், தராசில் வைக்கச் சொல், அப்புறம் பேசு. பழைய பித்தளை கொடுத்தால் எடைக்கு எடை கழித்துக்கொள்வார்கள், ஆனால் நம் வீட்டுப் பரணில் இருப்பதில் கை வைக்காதே, அதில் உன் பாட்டி பெயர் வெட்டியிருக்கிறது.

உருளி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்காமல் ஒரு வெண்கலப் பானையைப் பார். வருவது பொங்கல், அதில் பொங்கலே வைக்கலாம், வெண்கலத்துக்கு உள்ளே ஈயம் பூச வேண்டிய வேலையும் இல்லை. வாங்கும் முன்னால் பானையை அடியில் உள்ளங்கையால் தாங்கித் தூக்கி, விரல் கணுவால் ஒரு தட்டு தட்டு. கோயில் மணி மாதிரி சத்தம் நீண்டு போனால் சரி, "டொக்" என்று அமுங்கினால் எங்கேயோ விரிசல் இருக்கிறது. பித்தளை கீழே விழுந்தால் நெளியும், தட்டி எடுத்துவிடலாம். வெண்கலம் விழுந்தால் விரிசல் விட்டுவிடும், அதற்கப்புறம் எடைக்குப் போடத்தான் லாயக்கு. நீ கேட்ட தவலை பித்தளை. புளி விட்ட எதையும் அதில் ஈயம் பூசாமல் வைத்தால் களிம்பு ஏறிக் குமட்டும். பூசுகிறவர் பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை ஒரு துளி விட்டுப் பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் உள்ளே முழுக்க வெள்ளி போலப் படிந்துவிடும், பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் அது தேய்ந்து போகும், மறுபடி பூச வேண்டும். உங்கள் பக்கம் பூச ஆள் கிடைப்பாரா என்று விசாரித்துவிட்டு அப்புறம் தவலையைப் பற்றி யோசி.

ஈயச் சொம்பு வாங்கு, அதைப் பற்றி நான் மறுபேச்சே பேசமாட்டேன். ரசத்துக்கு அதைவிட்டால் வேறு பாத்திரம் கிடையாது. ஆனால் வெள்ளீயம்தானா என்று பார்க்க வேண்டும், காரீயம் கலந்திருந்தால் அது விஷம். நல்ல வெள்ளீயத்தை லேசாக வளைத்தால் உள்ளுக்குள் நொறநொறவென்று ஒரு சத்தம் கேட்கும், கடைக்காரரையே விளிம்பை அமுக்கிக் காட்டச் சொல். ஒரு வெள்ளைத் தாளில் சொம்பின் அடியைத் தேய்த்துப் பார், பென்சில் கோடு மாதிரி கறுப்பாக இழுத்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போ. விலையைக் கேட்டு மயங்கி விழாதே, உலோகத்தின் விலையே அப்படித்தான். வீட்டுக்குக் கொண்டுபோனதும் முக்கியமாக ஒன்று: வெறும் சொம்பை ஒருக்காலும் அடுப்பில் வைக்காதே. ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும், காஸ் அடுப்புக்கு அதெல்லாம் ஒரு நிமிஷ வேலை. புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவை, தீயைச் சின்னதாக வை, நுரை கூடியதும் இறக்கு. மாப்பிள்ளை ஆசையாக ரசம் வைக்கிறேன் என்று கிளம்பினால் பக்கத்திலேயே நில்லு.

குத்துவிளக்கு என்றால் நாச்சியார்கோயில் வார்ப்புதானா என்று கேட்டு வாங்கு. அடி, தண்டு, தட்டு, மேலே பிரபை என்று தனித்தனியாக வார்த்து மரை போட்டு முடுக்குவார்கள், காவிரி வண்டல் மண்ணில்தான் அச்சு. எல்லாவற்றையும் கழற்றிக் காட்டச் சொல்லி மரை வழுக்குகிறதா என்று நீயே திருகிப் பார், தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார். ரொம்ப லேசாக, ரொம்ப மினுக்காக இருந்தால் அது வடக்கேயிருந்து லாரியில் வந்ததாக இருக்கும். அதற்கு நீ பெங்களூரிலேயே வாங்கியிருக்கலாமே.

எது வாங்கினாலும் பெயர் வெட்டச் சொல். முன்னெல்லாம் உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள், இப்போது கையில் பிடித்துக்கொண்டு "கிர்ர்" என்று எழுதுகிற மிஷின். உன் பெயரும் அவர் பெயரும் புதுமனை புகுவிழாத் தேதியும் போதும். அவர் பெயரைத் தமிழில் தாளில் எழுதிக் கொடு, காதால் கேட்டு வெட்டினால் வங்காளப் பெயர் என்ன பாடுபடும் என்று உன் கல்யாணப் பத்திரிகையிலேயே பார்த்தோம்.

இதற்குள் கால் வலிக்கும், காபிக்கு உட்காருங்கள். ஹைவே முழுக்க "கும்பகோணம் டிகிரி காபி" என்று போர்டு வைத்துப் பித்தளை டவராவில் கொடுக்கிறார்களே, அந்தக் காபிக்கும் இந்த ஊருக்கும் போர்டில் மட்டும்தான் சம்பந்தம். கும்பேஸ்வரர் கோயில் பக்கம் மங்களாம்பிகா ஹோட்டலில் குடி, உட்கார்ந்த இடத்திலேயே இன்னொன்று கேட்பாய். காபிப்பொடியும் அந்தப் பக்கமே வாங்கலாம். பில்டருக்கு என்று சொல்லி அரைக்கச் சொல், சிக்கரி எவ்வளவு என்று நீயே சொல், கால் கிலோவுக்கு மேல் வேண்டாம், வாசனை போனபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டவரா டம்ளர் ஆறு வேண்டாம், இரண்டு போதும், வருகிறவர்களுக்கு எவர்சில்வர்.

கும்பேஸ்வரர் கோயிலுக்குள் போகும் அந்த நீள மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் வளையல், குங்குமம், சொப்பு சாமான் என்று கடை. சின்ன வயதில் உன்னை அங்கே நடத்திக் கூட்டிப்போவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். இப்போது நீ உன் சம்பளத்தில் வாங்கிக்கொள், நான் கேட்கமாட்டேன்.

பொற்றாமரைக் குளத்தை ஒட்டிக் கிழக்கே வந்தால் சாரங்கபாணி, பதினோரு நிலை கோபுரம், வழி தவறவே முடியாது. சன்னிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வீடு இருக்கிறது. கணக்குக்காரர் வீடு என்று எல்லோரும் போகிறார்கள், போங்கள், ஆனால் கடைத்தெருவைப் பார்க்க வந்த நீ இன்னொன்றையும் தெரிந்துகொள்: அவருடைய அப்பா இந்த ஊர் ஜவுளிக்கடை ஒன்றில்தான் கணக்குப்பிள்ளை. பெரிய தெருவில் சிட்டி யூனியன் பேங்க் தலைமை அலுவலகமும் கண்ணில் படும். உன் சம்பளக் கணக்கு அங்கேதான் இருக்கிறது என்றாயே, அது 1904-இல் கும்பகோணம் பேங்க் என்ற பெயரில் இதே ஊரில் ஆரம்பித்தது.

கடைசியில் வெற்றிலை. முதலிலேயே வாங்கினால் வெயிலில் வாடிவிடும். மாப்பிள்ளை ஊரில் பான் என்றால் சுண்ணாம்பு, பாக்கோடு குல்கந்து, இன்னும் என்னென்னவோ போட்டு மடிப்பார்கள், இங்கே அதெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவை. நம் வெற்றிலை காவிரிக்கரை கொடிக்காலில் அகத்தி மரத்தில் படர்ந்து வருவது, இளசாக இருக்கும், காரம் குறைவு, காம்பைக் கிள்ளிவிட்டுச் சீவலோடு போட்டால் அதுவே போதும். 2025-இல் இதற்குப் புவிசார் குறியீடு கூடக் கொடுத்திருக்கிறார்கள். கொழுந்தாகப் பார்த்து ஒரு கவுளி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவா.

பட்டு அன்றைக்கு வேண்டவே வேண்டாம். கையில் நாலு கிலோ வெண்கலத்தைத் தூக்கிக்கொண்டு புடவை பார்த்தால் கண்ணில் எதுவும் நிற்காது. திருபுவனத்துக்கு இன்னொரு நாள் மயிலாடுதுறை பஸ்ஸில் போய்க்கொள்ளலாம், அதற்கு நானும் வருவேன், அங்கே பட்டு நெசவாளர் சொசைட்டியில் உட்கார்ந்து பார்க்க நாற்காலி இருக்கிறது.

சில்லறையாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள், வெற்றிலைக்காரரிடமெல்லாம் போனை நீட்டிக்கொண்டு நிற்காதே. கெட்டியான துணிப்பை இரண்டு எடுத்துப் போ, பிளாஸ்டிக் கவரில் ஈயச் சொம்பைப் போட்டால் வீடு வருவதற்குள் நசுங்கிவிடும். சக்கரபாணி கோயில் வாசலுக்கு வந்ததும் போன் பண்ணு, அப்பா ஸ்கூட்டரில் வந்து மூட்டையை வாங்கிக்கொள்வார். நீங்கள் வரும்போது சாப்பாடு தயாராக இருக்கும், அன்றைக்கு ஏகாதசியா இல்லையா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன், அப்பா விரதம் என்றால் நமக்கு மூவருக்கு மட்டும்தான் உலை வைப்பேன்.

அன்புடன்,
அம்மா