மூட்டு வலி என்று சொன்னது பொய்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்ன பதில் தப்பு. அங்கேயே திருத்தியிருக்கலாம். ஆனால் இந்தப் பக்கம் உன் அப்பா, அந்தப் பக்கம் மாப்பிள்ளை. அதனால்தான் எழுதுகிறேன்.

"குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆச்சும்மா, பெரினே பயிற்சிக்கு, அதாம்மா இடுப்புக்கு அடியில இருக்கிற தசைக்கான பயிற்சி, அதுக்குப் பத்து தடவை வரச் சொல்லி பிரசவம் பாக்குற சாஜ் ஃபாம் எழுதிக் கொடுத்திருக்காங்க, செலவைக் காப்பீடே பாத்துக்குமாம், போகணுமா?" என்று கேட்டாய். பச்சை உடம்போடு குளிரில் அலையாதே, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டு, எல்லாம் தானாகச் சரியாகும் என்றேன். எனக்குத் தானாகச் சரியாகவில்லை.

1994-இல் உன்னை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அதற்கப்புறம் தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசியும். உன் பாட்டியிடம் சொன்னேன். "பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான்" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன், ஏறக்குறைய 30 வருஷம். பஸ் ஏறும் நாளில் தண்ணீர் குடிக்க மாட்டேன். உன் கல்யாணத்துக்கு நீ ஆசையாக எடுத்துக் கொடுத்த சந்தன நிறப் பட்டைக் கட்டாமல் அரக்கில் வந்து நின்றதற்கு எத்தனை நாள் கோபித்துக்கொண்டாய்! ஈரம் பட்டால் அரக்கில் தெரியாது, அவ்வளவுதான் காரணம். சாயந்திரம் கடற்கரைச் சாலையில் நடப்பதை நிறுத்தியதும் இதனால்தான். மூட்டு வலி என்று சொன்னது பொய். அதை நம்பி நீ பிரான்சில் சார்செலிலிருந்து முழங்கால் பட்டை வேறு வாங்கி அனுப்பினாய்.

போன வருஷம் தைரியம் வந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். உன்னைவிடச் சின்னப் பெண். இடுப்புக்கு அடியில், முன்னெலும்புக்கும் வால் எலும்புக்கும் நடுவே தூளி கட்டினாற்போல் தசை இருக்கிறதாம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் அதுதான் தாங்குகிறது. ஒன்பது மாசப் பாரத்தில் தொய்ந்து, பிரசவத்தில் இழுபட்டுப் போகிறது. வயிற்றைக் கிழித்து எடுத்தவர்களுக்கும் அந்தப் பாரம் பாரம்தானே. கைகால் தசைபோல இதற்கும் பயிற்சி கொடுத்தால் பலம் வரும் என்று கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதிவிட்டாராம். நான் பிறப்பதற்கு முன்னால்! என் காதில் வந்து விழ இத்தனை வருஷம்.

செய்வது சின்ன வேலைதான். சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுக்க வேண்டும். சில நொடி பிடித்து, முழுக்கத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சிதான். ஒரு தடவைக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை. கேட்க எளிதாக இருக்கிறதா? முதல் வாரம் நான் பிட்டத்தை இறுக்கிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, முகம் சிவக்க உட்கார்ந்திருந்தேன். வேண்டிய தசை மட்டும் அசையவே இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் பக்கத்தில் ஒருவர் வேண்டும். நீ போக வேண்டியதும் அதற்குத்தான். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதே, அது கூடாதாம்.

துணி கட்டுவது இதமாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது தசைக்குப் பலம் தராது. ரொம்ப இறுக்கினால் பாரம் கீழேதான் இறங்கும். வயிறு நடுவில் பிளந்தாற்போல் மேடாகிறது என்றாயே, அதையும் சாஜ் ஃபாமிடம் காட்டு. முதலில் கீழ்த்தசை, அப்புறம்தான் வயிறு. மல்லாந்து படுத்து எழும் பயிற்சியெல்லாம் இப்போது வேண்டாம். படுக்கையிலிருந்தும் ஒருக்களித்து, கையை ஊன்றி எழு. லேகியத்தை நிறுத்தாதே, அது வேறு கணக்கு.

எனக்கு மூன்று மாசத்துக்கு மேல் ஆனது. டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்தேன், உன் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பெரிய தும்மல் வந்தால் இன்னும் காலைப் பின்னிக்கொள்கிறேன். ஆனால் போன வாரம் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடந்துவிட்டுத் திரும்பினேன், வழியில் கழிப்பறை எங்கே என்று தேடாமல்.

எந்தக் கிழமை முதல் தடவை என்று எழுது. குட்டியை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், ஒரு மணி நேரம்தானே. முழங்கால் பட்டையை உன் அத்தைக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு நிஜமாகவே மூட்டு வலி.

அம்மா