ஐந்து மாதம் பத்து நாள்

ஆலப்புழை,
வியாழன் இரவு

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. ஆனாலும் உன் வரிகள் இன்னும் வலப்பக்கம் மேலே ஏறிக்கொண்டே போகின்றன. அது கண்ணின் கோளாறு இல்லை, ஐந்தாம் வகுப்பிலேயே வாத்தியார் சொன்னதுதான். தங்கச்சியிடம் சொல்லி ஒரு மாதத்துக்கு அடுப்புப் புகைப் பக்கம் போகாமல் இரு.

"கல்யாண வீட்டில் மொய் எழுதுவதையும் தெருவிளக்குப் போடுவதையும் தவிர ஒரு எம்.எல்.ஏ. என்ன கிழித்துவிட முடியும்?" என்று கேட்டிருந்தாய். நம் ஊர்ச் சாலையைப் பார்க்கிறவன் அப்படித்தான் கேட்பான். நான் இப்போது மகள் வீட்டில் இருப்பதால் வேறு பதில் தோன்றுகிறது. இங்கிருந்து நடக்கும் தூரத்தில் சாத்தநாடு என்று ஒரு பகுதி. கேரளத்தின் முதல் மந்திரிசபையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் கே.ஆர். கௌரியம்மா குடியிருந்த இடம். மாலை நடை அந்தப் பக்கமாகத்தான்.

1919இல் பிறந்தவர். அந்தக் காலத்தில், சாதியால் ஒதுக்கி வைக்கப்பட்ட ஈழவக் குடும்பத்துப் பெண் சட்டம் படித்து வக்கீலாவது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பார். 1948இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், சிறைக்குப் போனார். போலீஸ் லத்திக்குப் பிள்ளை கொடுக்கும் சக்தி இருந்திருந்தால் தனக்கு லத்திக் குழந்தைகள் நிறையப் பிறந்திருக்கும் என்று அவர் சொன்னது இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

1952இல் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்துக்கு முதல்முறை தேர்வானார். அப்போது நம் செங்கோட்டையும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது, மறந்துவிடாதே. 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் சென்னை ராஜ்யத்துக்கு வந்தோம். மிட்டாய் கொடுத்தார்கள் என்று உன் அம்மை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறு ஏப்ரல் 5ஆம் தேதி, 1957இல், ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதல்வராகக் கேரளத்தின் முதல் மந்திரிசபை பதவியேற்றது, கௌரியம்மா வருவாய்த்துறை அமைச்சர். ஆறே நாளில், 11ஆம் தேதி, குத்தகைக்காரனையும் குடிகிடப்புக்காரனையும் நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டுக் கிடக்கிறவனுக்கு இவர்கள் வைத்த பெயர் குடிகிடப்புக்காரன்.

கணக்குப் போட்டேன். அந்த அவசரச் சட்டத்துக்கு ஐந்து மாதம் பத்து நாள் முந்தி நாம் எல்லை தாண்டிவிட்டோம். அதே கோடையில்தானே உன் தாத்தாவைத் தோப்பிலிருந்து குடிசையைப் பெயர்த்துக்கொண்டு போகச் சொன்னார்கள்? கூரை ஓலையை வண்டியில் ஏற்றியதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! தமிழோடு சேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. இருந்தாலும் இந்தக் கணக்கு இரண்டு நாளாக உறுத்துகிறது.

அந்த அவசரச் சட்டத்தோடு அவர் நிற்கவில்லை. நில உறவு மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது, ஜூலை 31ஆம் தேதி மத்திய அரசு ஆட்சியையே கலைத்துவிட்டது. 1967இல் மறுபடி மந்திரி, 1969இல் மறுபடி நிலச் சீர்திருத்தத் திருத்தம், மறுபடி மந்திரிசபை விழுந்தது. ஆனால் இந்தத் தடவை சட்டம் பிழைத்துக்கொண்டது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குடிகிடப்புக்காரனுக்குப் பஞ்சாயத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகராட்சியில் மூன்று. நேற்று என்னை ரயிலடிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர், தான் குடியிருப்பது பாட்டிக்குக் கிடைத்த அந்தப் பத்து சென்ட்டில் மிஞ்சியதில்தான் என்றார். யார் கொடுத்தது என்று கேட்டேன். "கௌரியம்மா" என்றார். அப்போது முதல்வராக இருந்தது அச்சுத மேனன் என்று நான் எடுத்துக்கொடுத்தும் அவர் காதில் வாங்கவில்லை.

வீட்டு வாழ்க்கைதான் பாவம். 1957இல் சக மந்திரி டி.வி. தாமஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1964இல் கட்சி உடைந்தபோது இவர் மார்க்சிஸ்ட் பக்கம், அவர் பழைய கம்யூனிஸ்ட் கட்சிப் பக்கம். 1967 மந்திரிசபையில் இருவரும் மந்திரிகள், வெவ்வேறு கட்சி, அடுத்தடுத்த பங்களா. நடுவில் இருந்த வாசலைப் பிறகு அடைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். கட்சிக்காகச் சிறைக்குப் போகலாம், சரி. இதெல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

1987 தேர்தலில் "கேரம் திங்ஙும் கேரள நாட்டில் கே.ஆர். கௌரி பரிச்சீடும்" என்று முழங்கினார்கள். நம் காதுக்கு யாரோ தேங்காய் தின்கிற மாதிரி இருக்கும். தென்னை செறிந்த நாட்டைக் கௌரி ஆள்வார் என்று பொருள். ஜெயித்தார்கள், முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தது அதே கட்சியின் ஈ.கே. நாயனார். கௌரியம்மாவுக்குத் தொழில்துறை. கேரளத்தில் இன்றுவரை ஒரு பெண் முதல்வராகவில்லை. நான் இதைச் சொன்னால் மகள் என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறாள்.

1994இல் கட்சியிலிருந்து நீக்கினார்கள். எழுபத்து நான்கு வயதில் ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி (ஜனநாயகப் பாதுகாப்புக் குழு) என்று தனிக்கட்சி தொடங்கி, 1996இல் இந்த ஆலப்புழைப் பக்கத்து அரூர் தொகுதியில் ஜெயித்தும் காட்டினார். 2001இல் ஏ.கே. அந்தோணியின் காங்கிரஸ் கூட்டணி அரசில் விவசாய அமைச்சர். யாரை எதிர்த்து ஆயுள் முழுக்க நின்றாரோ அவர்களுடனேயே! இந்தப் பகுதி எனக்கு ரசிக்கவில்லை. நீயானால் அப்போதே ஓய்வெடுத்திருக்க வேண்டும் என்பாய். தள்ளிவிட்ட பிறகு வேறு எங்கே போவார் என்று மகள் கேட்கிறாள். இரண்டு பக்கமும் எனக்கு முழுச் சம்மதமில்லை. 2006இல் அரூர் அவரைத் தோற்கடித்தது. ஜெயித்தவர் அவர் பழைய கட்சிக்காரர்தான், ஏ.எம். ஆரிப்.

2021 மே 11ஆம் தேதி இறந்தார், வயது 101. இங்கே வலிய சுடுகாட்டில் தகனம் செய்தார்கள். 1946இல் திருவிதாங்கூர் திவானை எதிர்த்த புன்னப்புரா-வயலார் போராட்டத்தில் உயிர்விட்ட தியாகிகளின் மண்டபம் இருக்கும் இடம்.

ஞாயிறன்று ஊருக்குக் கிளம்புகிறேன். உன் வீட்டு மனைக்குப் பட்டா கேட்டுப் போட்ட மனுவின் நகலை எடுத்து வை, எத்தனையாவது மனு என்பதையும் எழுதி வை. திங்கள் காலை வருகிறேன், இருவரும் சேர்ந்தே அந்த அலுவலகத்துக்குப் போவோம். தங்கச்சிக்குப் பிடிக்குமே என்று நேந்திரங்காய் வறுவல் ஒரு கிலோ வாங்கியிருக்கிறேன். நீ தொடாதே, உன் சர்க்கரை அளவு எனக்குத் தெரியும்.

உன்
சங்கரன்