செயலாளர் அறிக்கை, 2025: ஆசிரியர் சங்க வட்டாரக் கிளை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. மகளிர் தினம், ஆசிரியர் தினம், பணி நிறைவுப் பாராட்டு எல்லாம் வழக்கம்போல நடந்தன.

பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு நடந்தது நினைவிருக்கும். முடிவு வந்தபின் ஓர் ஆய்வுக் கூட்டம். பின்தங்கிய பள்ளிகளைத் திரையில் சிவப்பில் காட்டி, ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார்கள். நம் உறுப்பினர் ஒருவர், ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்ப்பவர், பத்து நிமிடம் நின்றார். காரணம் சொல்ல விடவில்லை. வெளியே வந்து கைப்பையில் வண்டிச் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. "இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு பிள்ளையக்கூட நான் இப்படி நிக்க வச்சதில்ல சார்" என்றார்.

அதற்கப்புறம்தான் ஜூலையில் சனிக்கிழமைக் கூடுகையைத் தொடங்கினேன். மாதம் ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு, சங்க அறையில். தீர்மானப் புத்தகம் திறப்பதில்லை, யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. முதல் மாதம் நான்கு பேர். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் ஒரு பிள்ளையை செல்போன் செயலியில் மதிப்பிடும்போது மற்ற பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதைச் சொல்லி ஒருவர் அழுதார். காலையில் செயலியில் வருகைப்பதிவு ஏறாமல் சுற்றும்போது நெஞ்சு படபடக்கிறது என்றார் இன்னொருவர்.

இது சங்க வேலையா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். மெமோவுக்குப் பதில் எழுதித் தருகிறோம், சரி. மெமோ வருமோ என்று ராத்திரி விழித்திருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? கணக்குக் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. நம்மை நம்பி வரும் பிள்ளை படித்தாக வேண்டும். ஆனால் கேட்பவர், பதிலையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாமல் பணியில் இருப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் அதில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அரசு சீராய்வு மனு போட்டது. மனு போட்டதால் பயம் போய்விடவில்லை. அந்த மாதக் கூடுகையில் பாய் போதவில்லை. மகன் பிளஸ் டூ படிக்கும் மேசையின் மறுபக்கம் தானும் உட்கார்ந்து படிப்பதாக ஒரு டீச்சர் சொன்னார். அன்றே ஒரு படிப்புக் குழு அமைந்தது. டெலி மானஸ் இலவச மனநல எண் 14416 அறைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. கூச்சப்படாமல் அழையுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வாடகை ஏறியிருக்கிறது, கையிருப்பு இறங்கியிருக்கிறது. பாதிப் பேருக்கு மேல் சந்தா நிலுவை. மெமோ வந்தால் காலை ஏழு மணிக்கே எனக்கு போன் செய்பவர்களில் பலரை இன்று இங்கே காணவில்லை. இது எனக்கு வருத்தம்தான், மறைக்க விரும்பவில்லை.

தலைவர், பொருளாளர், மகளிரணி, அறை தந்த உரிமையாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மேற்குப் பகுதிப் பள்ளிகளுக்கும் ஒரு கூடுகை தொடங்க வேண்டும். அங்கிருந்து வருபவர்களுக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. பேச்சு பாதியில் இருக்கும்போதே எழுந்து போகிறார்கள். நான் ஒருவன் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அறையைத் திறந்து, பாய் விரித்து, டீ சொல்லி, வருபவர் பேசுவதைக் கேட்க அந்தப் பக்கம் ஒருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில்தான் நிற்பேன்.