அந்த 'எந்த வீட்டுக்கும்'

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு முகப்புக்கு நிறம் தேர்ந்தெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கரிச்சாம்பல் சுவர், வெள்ளை ஓரம், கறுப்பு ஜன்னல் என்று ஒரு சேர்க்கையைச் சொல்லி, 'எந்த வீட்டுக்கும் எடுப்பாக இருக்கும்' என்று முடித்திருந்தார்கள். அந்த 'எந்த வீட்டுக்கும்' என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கட்டுரையோடு வந்த நான்கு படங்களிலும் இருந்தவை தட்டையான முகப்புள்ள புதிய கான்கிரீட் வீடுகள். அவற்றுக்கு அந்த நிறம் நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த மாதிரி வீட்டில் கண்ணுக்குப் படவேண்டியதே பெரிய சதுரங்களும் நேர்கோடுகளும்தான். தூண், ஜன்னல் வளைவு, சுவர் உச்சியில் துருத்தி நிற்கும் கார்னிஸ் பட்டை, சுதைப் பூவேலை உள்ள பழைய வீடுகள் வேறு ஜாதி. அவை நிழலை நம்பி நிற்பவை. சுவரிலிருந்து அரை அங்குலம் வெளியே இழுத்த ஒரு பட்டையை நமக்குக் காட்டிக்கொடுப்பது அதன் கீழே விழும் மெல்லிய நிழல். வெளிர் சுவரில் அந்த நிழல் பளிச்சென்று தெரியும். கரிச்சாம்பல் அடித்தால் நிழலும் சுவரும் ஒன்றாகிவிடும். கொத்தனார் சாரத்தில் நாள்கணக்கில் நின்று இழைத்த வேலை, ஒரு வாளி பெயின்ட்டில் காணாமல் போகும்.

இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீடு சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த செங்கல் சுவரும் சிவப்பு ஓடும் உள்ள பழைய கட்டடம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் பெயின்ட் கடையில் தரும் உள்ளங்கை அகல நிற மாதிரி அட்டையை, அதாவது ஷேட் கார்டைப் பார்த்து மயங்கி, மழை புகவே புகாது என்ற எமல்ஷனில் கருஞ்சாம்பல் அடித்தோம். முதல் மாதம் பெருமைதான். மழைக்காலம் ஒன்று தாண்டியதும் தரையிலிருந்து இடுப்பளவு வரை கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஓர் இடத்தில் நகத்தால் கிள்ளினேன். பாம்புச் சட்டை மாதிரி முழ நீளத்துக்கு உரிந்து கையோடு வந்தது. உள்ளே சுவரெல்லாம் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததை ஆவியாக வெளியே விட்டுவிடும். மேலே படலமாக ஒட்டிக்கொள்ளும் பெயின்ட் அந்த வழியை அடைத்தது. அடர்நிறம் வேறு, வெயிலில் சுவர் கூடுதலாகச் சூடேற, உள்ளே அகப்பட்ட ஈரம் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பெயின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டது நாங்கள், அடித்தது அவர். முழுவதையும் சுரண்டி, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே காவி கலந்து மூன்று கை அடித்தபிறகுதான் நிம்மதி. சுண்ணாம்பு வேண்டாம் என்பவர்களுக்கு சிலிக்கேட் பெயின்ட் இருக்கிறது. ஜெர்மனியில் ஆடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878இல் காப்புரிமை பெற்றது. அது காரையோடு ரசாயனமாகப் பிணையும், ஆவியையும் வெளியே விடும்.

காவி என்றதும் உங்களுக்குத் தெரிவு குறைவு என்று தோன்றலாம். உண்மைதான், சுண்ணாம்பின் காரத்துக்குத் தாக்குப்பிடிக்கும் நிறமிகள் சிலவே. காவிக்கல், மஞ்சள் மண் போன்ற இரும்பு ஆக்சைடு நிறமிகள் அதில் நிற்கும், வெயிலிலும் எளிதில் வெளுக்காது. பழைய ஊர்களின் தெருக்கள் ஒரு குடும்பத்துச் சாயலில் இருப்பதற்கு இது பெரிய காரணம். அந்தப் பக்கத்து மண்ணில் கிடைத்ததைத்தான் சுவரில் ஏற்றினார்கள். சுவீடன் நாட்டு மரவீடுகளின் கருஞ்சிவப்பு, ஃபாலூன் செப்புச் சுரங்கத்துக் கழிவிலிருந்து வந்தது. ஜெய்ப்பூருக்கு 1876இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது மன்னர் இரண்டாம் ராம் சிங் நகரத்துக்கே ஒரே நிறம் அடிக்கச் சொன்னார். ரோஜா நிறம் என்கிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் செம்மண் காவிதான். ழான் ஃபிலிப் லாங்க்லோ என்ற பிரெஞ்சு வண்ண வடிவமைப்பாளர், ஒவ்வொரு பகுதிக்கும் போய் மண், காரை, பெயின்ட் துணுக்குகளைச் சேகரித்தே அந்தப் பகுதியின் நிறங்களை வகுத்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். வாசலில் இறங்கி, மாற்ற முடியாத நிறங்கள் எவை என்று பார்த்தாலே போதும்: ஓடு, கருங்கல் படி, பூசாத செங்கல். இவை இருக்கிறபடிதான் இருக்கும். சுவர்தான் அனுசரித்துப் போகவேண்டும். எங்கள் சிவப்பு ஓட்டுக்குக் கீழே நீலச்சாயலுள்ள சாம்பல், கடன் வாங்கிப் போட்ட சட்டை மாதிரி இருந்தது.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று. கார்டில் சாதுவாகத் தெரியும் நிறம் முழுச் சுவரில் ஏறியதும் தூக்கலாகிவிடும். குறைந்தது இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்து, காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் தெருவில் நின்று பார்க்கவேண்டும். பல கார்டுகளின் பின்பக்கத்தில் ஒளிப் பிரதிபலிப்பு எண் இருக்கும். பூஜ்யத்தை நெருங்கினால் கறுப்பு, நூறை நெருங்கினால் வெள்ளை. எண் குறையக் குறையச் சுவர் சூடேறும். புதுசாகச் சிமெண்ட் பூசியிருந்தால் 28 நாளாவது ஆறவிடாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். அவசரப்பட்டால் காரம் நிறத்தைத் தின்றுவிடும்.

பக்கத்து வீட்டையும் கணக்கில் எடுங்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் கிளிப்பச்சை அடித்த ஆண்டு, அப்போது தந்தநிறத்தில் இருந்த எங்கள் மதில் காலை பத்து மணி வரை லேசான பச்சையாகவே இருந்தது. வெயில் அங்கே பட்டு இங்கே திரும்புகிறது. அவரிடம் போய்ச் சொல்லவா முடியும்?

உங்கள் மூன்றாவது படத்தில், கரிச்சாம்பல் வீட்டுக்கு இடப்பக்கம் ஓர் ஓட்டு வீட்டின் விளிம்பு பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அடுத்த முறை புகைப்படக்காரரை நாலடி பின்னால் தள்ளி நின்று, அந்த வீட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்