சிரிக்க வைத்த புத்தகத்துக்கும் ஒரு நியாயம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நூல் அறிமுகத்தில் ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் 'தி கலர் ஆஃப் மேஜிக்' என்ற மாயாஜால நகைச்சுவை நாவலைப் பற்றி எழுதியவர், இது பெரியவர்கள் மெனக்கெட்டுப் படிக்க வேண்டிய புத்தகம் அல்ல என்று கடைசி வரியில் முடித்திருந்தார். அந்த ஒரு வரி மனதை ரொம்பவே புண்படுத்திவிட்டது. எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. நான் அந்த நாவலை மெனக்கெட்டுத்தான் படித்தேன். பிடித்துப்போய் மறுபடியும் படித்தேன்.

அவர் சொன்ன குறைகளை நான் மறுக்கவில்லை. நான்கு கதைகளை ஒட்டவைத்த நாவல்தான். ஒட்டிய இடம் நன்றாகவே தெரிகிறது. ரின்ஸ்விண்ட் என்ற அரைகுறை மந்திரவாதி சாகப்போகும்போதெல்லாம் ஏதோ ஓர் அதிர்ஷ்டம் வந்து காப்பாற்றிவிடுகிறது, போகப்போக நமக்குப் பதைப்பே வருவதில்லை. தலைகீழ் மலையில் டிராகன்கள் வரும் பகுதி, அதற்கு முன்பு வந்த டிராகன் கதைகளைக் கிண்டல் செய்வது. அவற்றைப் படிக்காத எனக்கு அங்கே பாதிதான் ரசிக்க முடிந்தது. எல்லாம் சரி. ஆனால் இவ்வளவையும் எண்ணி எழுதியவர், தான் ஓரிடத்திலாவது சிரித்தாரா இல்லையா என்று சொல்லவே இல்லையே ஐயா! நகைச்சுவை நாவலைப் பற்றி வாசகன் கேட்கும் முதல் கேள்வி அதுதானே?

நான் பொதுக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீ விபத்து கிளெய்ம் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த நாவலில் டூஃப்ளவர் என்றொரு சுற்றுலாப் பயணி வருகிறார். அவரும் தம் ஊரில் காப்பீட்டு குமாஸ்தா. ஆங்க்-மோர்போர்க் நகரத்து மதுக்கடைக்காரனுக்கு, கட்டடம் எரிந்துபோனால் பணம் கிடைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு என்று வெள்ளை மனதோடு விளக்குகிறார். அவன் உடனே மனக்கணக்குப் போட்டுவிடுகிறான். அப்புறம் கடை மட்டுமா, ஊரே பற்றி எரிகிறது. பாலிசி எடுத்த சூட்டோடு எரிந்துபோன குடோன்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் சாம்பலுக்கு நடுவில் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார். குடோனில் ஒரு மூட்டைகூட மிஞ்சியிருக்காது; ஸ்டாக் ரிஜிஸ்டர் மட்டும் ஓரம்கூடக் கருகாமல் முதலாளி கையில் இருக்கும். நாங்கள் வருஷக்கணக்கில் ஃபைல் ஃபைலாக எழுதிக் குவித்த மனித சுபாவத்தை பிராட்செட் 1983இல் சில பக்கங்களில் பிடித்துவிட்டார். அப்போது அவர் முழுநேர எழுத்தாளர்கூட அல்ல. இங்கிலாந்தின் மின்வாரியத்தில் அணுமின் நிலையங்களுக்குப் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக இருந்தார். இதிலா பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை?

டூஃப்ளவர் கொண்டுவரும் படம் எடுக்கும் பெட்டியைப் பற்றி உங்கள் விமர்சகர் வாயே திறக்கவில்லை. அதற்குள் ஒரு குட்டிப் பூதம் உட்கார்ந்து தூரிகையால் படம் வரைகிறது. இளஞ்சிவப்புச் சாயம் தீர்ந்ததும் தலையை நீட்டி, பொம்பளைப் பிள்ளைகளையே படம் பிடித்தால் சாயம் எப்படி மிஞ்சும் என்று சண்டைக்கு வருகிறது. நான் சிரித்த சத்தத்தில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

இந்த நாவல் நடக்கும், ஆமையும் அதன்மேல் நான்கு யானைகளும் சுமக்கும் தட்டையான உலகம் நம் வாசகர்களுக்கு அந்நியம் என்று வேறு எழுதியிருக்கிறார். கூர்மாவதாரமும் அஷ்டதிக்கஜங்களும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கா அந்நியம்? கடவுளைச் சென்னைக்கு வரவழைத்துக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தவர் புதுமைப்பித்தன். அது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிராட்செட்டும் 1992இல் வந்த 'ஸ்மால் காட்ஸ்' நாவலில், உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒருவன்தான் என்றாகிவிட்டதால் ஆமையாய்த் திரியும் ஒரு கடவுளை எழுதினார். இந்தத் தட்டை உலகத்தை வைத்து அவர் எழுதியவை மொத்தம் 41 நாவல்கள். முதல் நாவலின் தையல் பிரிந்த இடங்களை மட்டும் காட்டி ஆளையே தள்ளிவிடுவது என்ன நியாயம்?

சிரிப்பு என்றாலே உங்கள் இதழுக்கு இளக்காரமாகிவிட்டது ஐயா. மாதாமாதம் வந்துகொண்டிருந்த நகைச்சுவைப் பக்கத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தினீர்கள். தீபாவளி மலரில் எந்தக் கதையைத் திறந்தாலும் மரணப் படுக்கை. சிறுகதைப் போட்டி அறிவிப்பில் மாயாஜாலக் கதைகள் ஏற்கப்படா என்று நிபந்தனை. பிராட்செட் 2015 மார்ச்சில் மறைந்தபோது ஒரு வரி அஞ்சலிகூட இல்லை. மறதி நோய் வந்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்த மனிதர் அவர். அப்போதும் கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. வருத்தம் இருந்தது. ஆனாலும் சந்தாவை நிறுத்தவில்லை.

இப்போது கேட்பது ஒரு சின்னத் திருத்தம்தான். கதை, அந்தத் தட்டை உலகத்தின் விளிம்பில் அந்தரத்தில் நின்றுவிடுகிறது, ஆசிரியருக்கு முடிக்கத் தெரியவில்லை என்று விமர்சகர் எழுதியிருக்கிறார். அந்தக் கதை 1986இல் வந்த 'தி லைட் ஃபன்டாஸ்டிக்' நாவலில் தொடர்ந்து முடிகிறது. புத்தகத்தை வாங்கலாமா என்று யோசிக்கும் வாசகருக்கு இது தெரிய வேண்டும். அடுத்த இதழில் இதை மட்டுமாவது இரண்டு வரியில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகாலச் சந்தாதாரர்,
திருநெல்வேலி