தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவருக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தலையில் மாட்டினால் கணினி உருவாக்கிய உலகத்தைக் கண்முன்னே காட்டும் மெய்நிகர் (VR) கண்ணாடிகள் மட்டக்களப்பில் இன்னும் பரவவில்லை. ஆனால் கைத்தொலைபேசி வீட்டுக்கு வீடு வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். இதுவும் வந்த பிறகு எழுதினால் பிந்திவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

இந்தக் கண்ணாடி படம் காட்டுவதோடு நிற்பதில்லை, போட்டிருப்பவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலை எப்பக்கம் திரும்பியது, கை எங்கே தயங்கியது, சில வகைகளில் கண் எதில் எவ்வளவு நேரம் நின்றது என்பதுவரை. 2023 இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மெய்நிகர் விளையாட்டின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வெறும் 100 வினாடித் தலை, கை அசைவை வைத்தே 50,000க்கு மேற்பட்டோருக்குள் ஆளை 94 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். 'பெயரை நீக்கிவிட்டோம்' என்று நிறுவனங்கள் தரும் உறுதிமொழிக்கு அப்புறம் என்ன பெறுமதி?

சரி, ஆளைக் கண்டுபிடிப்பதைவிட ஆளின் முடிவை வளைப்பதுதான் எனக்குப் பெரிய பயம். 2005 இல் பெய்லன்சன், யீ என்ற இரு ஆய்வாளர்கள் மெய்நிகர் உருவம் ஒன்றைப் பேசவைத்தார்கள். கேட்பவர் தலையை அசைத்தால், 4 வினாடி கழித்து அதுவும் அதேபோல் அசைத்தது. அப்படிச் செய்தபோது அதன் பேச்சு கூடுதலாக எடுபட்டது. பெரும்பாலானோர் அந்தத் தந்திரத்தைக் கவனிக்கவே இல்லை. அந்த உருவத்துக்குப் புத்தி கிடையாது, மனப்பாடம் செய்ததைத்தான் ஒப்பித்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு தமிழில் பதில் சொல்லும், ஆளுக்கேற்றபடி பேச்சையும் மாற்றும்.

வாகரையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். முகவர் கண்ணாடியை மாட்டிவிடுகிறார். வேலை செய்யப்போகும் வீடு, அனுப்பப்போகும் காசு, ஊரில் எழும்பப்போகும் கல்வீடு எல்லாம் கண்முன்னே. எந்தப் படத்தில் அவள் கண் தங்கியதோ அதையே மென்பொருள் மறுபடி காட்டுகிறது. 'வீட்டில கேட்டுச் சொல்லுறன்' என்பதுதான் எங்கள் சனத்தின் கடைசிக் காவல். அதைச் சொல்ல வாய் திறக்கும் முன்னே பேச்சு இன்னொரு பக்கம் திரும்பிவிடும்.

நுண்கடனில், அதாவது நிறுவனங்கள் கிராமத்துப் பெண்களுக்குக் கொடுத்த சிறுகடனில், நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும். கிராமத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டுக் களைத்த பிறகுதான் 2016 இல் சட்டம் வந்தது. 2018 இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தீர்க்க வேண்டி வந்தது.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இயந்திரம் தானாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் இங்கே முடிவெடுப்பது இயந்திரம் இல்லையே! கையெழுத்து என்னுடையது, விருப்பமும் என்னுடையது போலத்தான் தெரியும். அந்த உரிமை இந்த இடத்துக்கு எட்டாது.

ஆகவே கேட்கிறேன். கடன், வெளிநாட்டு வேலை, காணி, படிப்பு விற்கும் எவரும் வாடிக்கையாளரின் கண், உடல் அசைவுத் தரவை வைத்துப் பேச்சை மாற்றுவதைத் தடை செய்யுங்கள். சம்மதம் கேட்கும் வாசகம் தமிழிலும் சிங்களத்திலும், எங்கள் அம்மாமாருக்கு விளங்குகிற மொழியில் இருக்கட்டும். கண்ணாடியைக் கழற்றிய அன்றே எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்ற விதியும் வேண்டும். அது உங்கள் அதிகாரத்துக்குள் வராவிட்டால், நுகர்வோர் அதிகாரசபையுடன் பேசி அதைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு பிரஜை