ரிப்பன் மாளிகை வாசலில் அப்பாவை உட்கார வைத்தவருக்கு

வியாழக்கிழமை காலை அப்பா காணாமல் போனதிலிருந்து நடந்தது உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் என்னோடு சேர்ந்து தேடியவர்கள்தான். அதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. அப்பா வீட்டில் இருக்கிறார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் அவர் குறட்டை கேட்கிறது. இரண்டு நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிக்கொண்டே இருந்தவர்கள், ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள், சென்ட்ரலில் பிளாட்பாரம் பிளாட்பாரமாக நடந்த காவலர்கள், அடுப்பைக்கூட அணைக்காமல் நான் ஓடியபோது வீட்டைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா, எல்லாருக்கும் நன்றி. பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

அப்பா ஆபீசுக்குத்தான் கிளம்பியிருக்கிறார். சென்னை மாநகராட்சி ஆபீசான ரிப்பன் மாளிகையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று 24 வருடம் ஆகிறது. பேரன் பெயர் மறந்துபோனவருக்கு, பஸ் ஏறி அங்கே போய் இறங்க மட்டும் தெரிந்திருக்கிறது. வாசல்வரை போனவர், பின்னால் நிற்கும் புதுக் கட்டடமான அம்மா மாளிகையைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். அவர் கணக்கில் அந்தக் கட்டடம் கிடையாது. இடம் மாறி வந்துவிட்டோம் என்று திரும்பி, அந்தப் போக்குவரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இறங்கப் பார்த்திருக்கிறார்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒரு அம்மா, கையைப் பிடித்து இழுத்து நிழலில் உட்கார வைத்தார். பெயர் கேட்டால் பதில் இல்லை. வீடு எங்கே என்றால் தெரியவில்லை. எழுந்து எழுந்து ரோட்டையே பார்த்திருக்கிறார். கடைசியில் அந்த அம்மா, “தாத்தா, இந்தக் கட்டடத்துக்கு ஏன் ரிப்பன்னு பேரு? தலைல கட்டுற ரிப்பனா?” என்று கேட்டிருக்கிறார்.

அப்பா சிரித்தாராம். எங்கள் வீட்டில் அவர் சிரித்து மாதக் கணக்காகிறது.

அப்புறம் மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். ரிப்பன் ஒரு வைஸ்ராய், ஊர்க் காரியத்தை ஊர்க்காரர்களே பார்க்கட்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்தவர், ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று ஜனங்கள் கொண்டாடினார்கள் என்று தொடங்கி, 1909இல் மின்டோ பிரபு அடிக்கல் போட்டது, 1913 நவம்பரில் ஹார்டிங் பிரபு திறந்தது, அதற்கு முன்னால் எர்ரபாலு செட்டித் தெருவில் ஆபீஸ் இருந்தது, லோகநாத முதலியார் கட்டியது, ஏழரை லட்சம் செலவானது, மாநகராட்சி 1688லேயே பிறந்துவிட்டது என்பதுவரை. நான் போனதும் அந்த அம்மா விரல் மடக்கி எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பித்தார். இரவு உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு வருஷம்கூடப் பிசகவில்லை, அப்பாவும் சரி, அந்த அம்மாவும் சரி.

“எழுந்தா ரோட்டுக்குத்தான் போவாரு. அதான் எதையாவது கேட்டுக்கினே இருந்தேன்” என்றார். தியாகராயர் சிலையைக் காட்டி அது யார் என்றும் கேட்டிருக்கிறார். அவர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான் 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டார்கள், ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு என்றாராம் அப்பா. அந்த அம்மாவின் மகள் மாநகராட்சிப் பள்ளியில்தான் சாப்பிடுகிறாள். “இது நூறு வருசத்துக் கதையா!” என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டார்.

இந்தக் கதைகளை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! கேட்டேன் என்று சொல்வதே பொய். “சொன்னதையே சொல்லாதீங்கப்பா” என்று பாதியில் எழுந்து போனவள் நான். முன்பின் தெரியாத ஒருவர், வேலையை நிறுத்திவிட்டு, சூப்பர்வைசர் சத்தம் போடுவாரே என்ற பயத்தையும் வைத்துக்கொண்டு, அதையே கேட்டு அவரை உயிரோடு உட்கார வைத்திருக்கிறார். டீயும் பன்னும் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். பணம் நீட்டினேன். கோபித்துக்கொண்டார்.

இனிமேல் அப்பா சொல்வதைத் தினமும் கால் மணி நேரமாவது எழுதி வைக்கப் போகிறேன். நோட்டு வாங்கியாகிவிட்டது. நேற்று முதல் பக்கம். லோகநாத முதலியாரிலேயே நிற்கிறோம்.

அம்மா, உங்கள் பெயரை இங்கே எழுதக் கூடாது என்றீர்கள். எழுதவில்லை. கோபுரத்துக் கடிகாரத்துக்குத் தினமும் யார் சாவி கொடுப்பார்கள் என்று நீங்கள் கடைசியாகக் கேட்டபோதுதான் நான் வந்து கெடுத்தேனாம். பதில் பாக்கி இருக்கிறது என்று அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அழைத்து வருகிறேன். டீ என் செலவு.